ஆறு கட்டிலும் ஆர்னிக்கே

ஆர்னி ஹக்காலா தனியாகத்தான் படகு விடுவார் என்பது மினசோட்டாவின் வடகோடியில் பலருக்கும் தெரியும். இரும்புச் சுரங்கத்தில் கனரக லாரிகளுக்கு மெக்கானிக். ஆண்டுக்கொரு முறை லீவு போட்டுவிட்டு, ஏரிக்கு ஏரி படகைத் தோளில் சுமந்து, கனடா எல்லைவரை போய் வருவார். துணிச்சல்காரர் என்று பெயர். கரடியோ புயலோ அவரை அசைத்ததில்லை. இன்னொரு மனிதர் இருக்கும் அறையில் தூங்குவதென்றால்தான் குலை நடுங்கும்.

இருபத்திரண்டு வயதில், மான் வேட்டைக்குப் போன குடிசையில் அது நடந்தது. தூக்கத்திலேயே எழுந்துபோய், தம்பி வெஸ்ஸின் கழுத்தை நெரித்திருக்கிறார். கூட வந்திருந்த மாமா அடித்து எழுப்பியபோது தம்பியின் முகம் நீலம் பாரித்திருந்தது. வெஸ் பிழைத்துக்கொண்டான், அதை வேடிக்கையாகவே சொல்லித் திரிந்தான். ஆர்னிக்கோ தன் கைகளின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கல்யாணம் வேண்டாம் என்றார். காரணம் கேட்டவர்களிடம் குறட்டை என்றார்.

ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடும் டாரீனிடம், படகுப் பயணிகள் தங்குவதற்கு ஒரு மரக்கொட்டகை இருந்தது. அறை ஒன்று, அடுக்குக் கட்டில்கள் ஆறு. காட்டிலிருந்து திரும்பும் நாளுக்கு ஆர்னி முன்கூட்டியே போன் செய்துவிடுவார்.

"ஆறு கட்டிலும் எனக்கு வேணும்."

"ஒத்த ஆளுக்கு ஆறா? உருண்டு உருண்டு படுப்பியா?"

"அமைதி வேணும் டாரீன்."

"காட்டுல கிடைக்காத அமைதியா என் கொட்டகையில கிடைக்கப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே எழுதி வைப்பாள்.

அந்தச் செப்டம்பரில் மின்னல் விழுந்து காடு பற்றிக்கொண்டது. கடைசி முகாமிலிருந்து மேற்கு வானம் சிவந்திருப்பதைப் பார்த்த ஆர்னி, இரவு முழுக்கக் கண் மூடவில்லை. விடிந்ததும் கிளம்பினார். படகின் முனைகூடத் தெரியாத அளவுக்குப் புகை. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கரையோரமாகவே துழாவினார். சாம்பல் மடியில் விழுந்தது. ஒரு காட்டெருமை மாதிரிப் பெரிய கடமான், குட்டியோடு குறுக்கே நீந்திப் போயிற்று. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுப் படுத்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் துடுப்பு போட்டார்.

கரை சேர்ந்தபோது நண்பகல். ஆனாலும் புகை இருட்டில் விளக்கு எரிந்தது. டாரீன் ஹோஸ் பைப்பால் கூரையை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட வந்துட்டியா! ரோட்டை மூடிட்டாங்க ஆர்னி. கொட்டகையில மூணு பேர் இருக்காங்க, கோச்சுக்காத."

ஆர்னி துடுப்பைக் கீழே வைக்கவில்லை. "முழுசா நான்தானே புக் பண்ணியிருக்கேன்?"

"அதுக்காக அவங்கள நெருப்புல நிக்க வைக்கவா?"

"அப்ப நான் வண்டியிலயே படுத்துக்கிறேன்."

"இந்தப் புகையில வண்டிக்குள்ள தூங்குனா எந்திரிக்க மாட்ட. உள்ள போ!"

உள்ளே ட்ரென்ட் என்ற இளைஞனும், புகையில் இருமி இருமிச் சோர்ந்து கீழ்க்கட்டிலில் கிடந்த அவன் மனைவி மார்சியும். எதிரே லோயிஸ், ஆர்னியைப் போலவே தனியாகப் படகு விடும் எழுபது வயதுக்காரி. ஆர்னி கதவோரம் தரையில் விறைப்பாக உட்கார்ந்தார். தலை தொங்கும், திடுக்கிட்டு நிமிர்வார். மார்சியின் மெல்லிய கழுத்து கண்ணில் பட்டதும் எழுந்து நடப்பார்.

"கட்டிலா இல்ல? போய்ப் படுங்க தம்பி," என்றாள் லோயிஸ்.

"நான் தூங்கக் கூடாதும்மா." பிறகு யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார்.

ட்ரென்ட் எழுந்து மனைவிக்கு முன்னால் நின்றான். "இவர் வெளிய போகட்டும்."

"வெளிய போனா செத்துருவார்பா," என்றாள் லோயிஸ். "சாப்பாட்டு மூட்டை மேல சட்டிய அடுக்கி வைக்கிறோமில்ல, கரடி வந்தா சத்தம் கேக்கட்டும்னு? இன்னைக்கு இவர்தான் கரடி."

மார்சிக்கு இருமலோடு சிரிப்பும் வந்தது. இருட்டுவதற்குள் கடைசிக் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, சட்டி, மூடி, தகர டம்ளர் எல்லாவற்றையும் தொங்கவிட்டார்கள். ட்ரென்ட் துடுப்பை மடியில் வைத்துக் காவல் உட்கார்ந்தான். ஆர்னி சுவர்ப்பக்கம் திரும்பி, கைகளை வயிற்றுக்கடியில் வைத்துப் படுத்தார். அதற்குமேல் உடம்பு தாங்கவில்லை.

தடதடவென்று பாத்திரங்கள் விழுந்த சத்தத்தில் விழித்தார். அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. துடுப்பை ஓங்கியபடி ட்ரென்ட் மறித்து நின்றான். அவன் பின்னால் மார்சி.

"யாரு... யாரை நான்..."

"யாரையும் இல்ல," லோயிஸ் படுத்த இடத்திலிருந்தே சொன்னாள். "காபிச் சட்டிதான் நசுங்கிப்போச்சு. படுங்க."

ஆர்னி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ட்ரென்ட் துடுப்பைக் கீழே வைக்காமலே, கையை எட்டி நீட்டி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான். கயிற்றை மறுபடி அவனே கட்டினான்.

இரவில் காற்று திசை மாறி மழை கொட்டியது. விடிந்ததும், ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று டாரீன் வந்து சொன்னாள்.

"அப்புறம் ஏதாவது செஞ்சேனா?" ஆர்னி பயந்து பயந்து கேட்டார்.

"கட்டை மாதிரி தூங்குனீங்க," என்று கொட்டாவி விட்டான் ட்ரென்ட். "நான்தான் பொட்டுத் தூக்கம் தூங்கல."

அவர்கள் கிளம்பிப் போனபின் ஆர்னி கயிற்றை அவிழ்த்தார். பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து வைத்தார். கயிற்றைச் சுருட்டி, அடுத்த முறைக்கென்று தன் மூட்டையில் வைத்துக்கொண்டார்.