சுமலதாவும் உள்ளே விடாத மெயிலும்

சுமலதாவுக்கு முதுகு போனதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது எளிது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபின் வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியை முடித்து, படுத்துக் கிடந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் புரட்டினாள், குளிப்பாட்டினாள், தூக்கி உட்கார வைத்தாள். ஒருநாள் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இனி ஆளைத் தூக்கினால் நீ படுத்துவிடுவாய், உன்னைத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

அவளை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த மதிவாணன் நல்லவர் என்று சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. உப்பளம் பகுதியில் இருந்த தன் ஆபீசில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். எந்த வீட்டுக்கு எந்தப் பெண்ணை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். வருகிற மெயிலுக்குப் பதில் போட வேண்டும். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பிரான்சில் இருக்கும் பிள்ளைகள். அப்பா அம்மாவை இங்கே விட்டுவிட்டு அங்கிருந்து எழுதுபவர்கள். பதில் தாமதமானால் வேறு ஏஜென்சி பார்த்துக்கொள்வார்கள். சித்திரையில் அப்படி ஒரு வீடு கைநழுவியது. இன்னொரு தடவை மெயில் தவறினால் அந்த நாற்காலியில் ஆபீசில் கூடமாட இருக்கும் கலைமகள் உட்காருவாள், நீ பழையபடி டூட்டிக்குப் போ என்று மதிவாணன் சொல்லிவிட்டார். டூட்டி என்றால் ஆளைத் தூக்குவது.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை மெயிலைத் திறந்தாள். உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்ளே வாருங்கள் என்றது திரை. அதில் புதுமை இல்லை. மாதம் ஒருமுறை அப்படிக் கேட்கும். பாஸ்வேர்டு போட்டாள், ஏற்றுக்கொண்டது. அடுத்து ஆறு இலக்க எண் கேட்டது. அந்த எண்ணைக் காட்ட மேசையில் ஒரு பழைய போன் உண்டு. இணையம் கிடையாது, வெளிநாட்டுக்குப் பேசவும் இந்த எண்ணைப் பார்க்கவும் மட்டும்தான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறும். பார்த்துப் போட்டாள். தவறு என்றது. அடுத்த எண்ணைப் போட்டாள். அதுவும் தவறு. இன்னும் சில தடவை போட்டதும் கதவையே சாத்திவிட்டது: அரை மணி நேரம் கழித்து முயலவும்.

அன்றைக்கென்று ஒரு மெயில் வர வேண்டியிருந்தது. கருவடிக்குப்பத்துக் கலியபெருமாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். மாலையில் வீட்டுக்கு விடுகிறார்கள். அவரை எப்படிப் புரட்டுவது, எத்தனை பேர் வேண்டும் என்பதையெல்லாம் பிரான்சில் இருக்கும் மகள் அமிர்தவல்லி எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் எதையும் எழுத்தில்தான் பேசுவார். வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

மெயிலை அமைத்துக் கொடுத்த கோபிநாத்துக்கு போன் போட்டாள். அவன் வேறு ஊரில் ஒரு வேலையில் இருந்தான். பிரவுசரில் தேங்கிய பழைய பதிவுகளை அழிக்கச் சொன்னான். வேறு பிரவுசரில் திறக்கச் சொன்னான். அதோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுகிறேன் என்று அங்கிருந்தபடியே மாற்றினான்.

"ஒரே நேரத்துல மூணு மருந்து குடுக்குறியே, எது கேட்டுச்சின்னு எப்படித் தெரியும்?" என்றாள் சுமலதா.

"எதுனா ஒண்ணு கேக்கும்க்கா."

ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்வேர்டு மாறியதில் மதிவாணனின் போனில் வந்துகொண்டிருந்த மெயிலும் நின்றுபோனதுதான் மிச்சம். அவர் மாடியில் இருந்து இறங்கி வந்து பின்னால் நின்றார். கலைமகளைப் பார்த்தார். கலைமகள் அவசரமாகச் சீருடை அலமாரியை ஒழுங்குபடுத்தினாள்.

அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்று எண் ஒன்று மீதம் இருந்தது. ஒருமுறைதான் பயன்படும். அரை மணி கடந்ததும் அதைப் போட்டாள், மெயில் திறந்தது. அமிர்தவல்லியின் பெயர் தடித்த எழுத்தில் மேலே இரண்டு தடவை நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டில் டூட்டியில் இருந்த அஞ்சலாட்சி போன் செய்தாள். அவள் பார்க்கும் பாட்டிக்கு மூச்சு இழுக்கிறதாம். தலையை உயர்த்தி வை, ஆம்புலன்சுக்குச் சொல், நான் மகனுக்குச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் செய்து முடித்துத் திரும்பினால், அமர்வு முடிந்துவிட்டது என்றது திரை. மாற்று எண்ணில் நுழைந்து சும்மா விட்டால் சீக்கிரம் மூடிக்கொள்ளும்படி கோபிநாத்தே பாதுகாப்புக்கு வைத்ததாம். போனை விட்டுவிட்டு மெயிலைப் படித்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு முதலில், மற்றதெல்லாம் பிறகு என்றுதான் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

மறுபடி கோபிநாத். இப்போது அவனும் நிதானமாகியிருந்தான். நம்பர் எப்போது மாறுகிறது என்று பார்க்கலாம், அந்தப் போனைக் கையில் எடுங்கள் என்றான்.

"அதுல இப்ப மணி என்னாக்கா?"

"எட்டே கால்."

அவன் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். "அக்கா, பன்னெண்டு ஆவப்போவுது."

"நம்பளுக்குப் பன்னெண்டு. இது பிரான்சு நேரம். நான்தான் திருப்பி வெச்சேன்."

திருப்பியதற்குக் காரணம் இருந்தது. கலைமகள் ஒரு தடவை அங்கே விடியுமுன்னே ஒரு வீட்டுக்கு போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவர்கள் கோடைக்காக மணியை முன்னே தள்ளி வைக்கிறார்கள், குளிருக்காகப் பின்னே இழுக்கிறார்கள். கணக்குப் போட்டு மாளவில்லை. அதனால் வெளிநாட்டுக்குப் பேசுகிற போனிலேயே அந்த ஊர் மணியைக் கையால் வைத்துவிட்டாள் சுமலதா. போன் அந்த ஆறு இலக்க எண்ணைக் கணக்கிடுவது அந்த மணியை வைத்துத்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மாதம் ஒருமுறைதான் எண் கேட்கும் என்பதால், திருப்பிய அன்று எதுவும் கெடவில்லை. கெட்ட அன்று, திருப்பியது யாருக்கும் நினைவில் இல்லை.

கோபிநாத் சிரித்துவிட்டு, ஊர் நேரத்துக்கு மாற்றும் வழியைச் சொன்னான். பிரான்சு நேரத்தைத் தனியாகக் காட்டவும் அதே போனில் இடம் இருந்தது. அடுத்து வந்த எண்ணைப் போட்டாள். திறந்தது.

முதல் மெயிலில், அப்பாவை ஒருவர் தூக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும், இடதுபக்கம் புரட்டக் கூடாது என்று இருந்தது. இரண்டாவதில், மதியத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு இடத்தில் சொல்லிவிடுவேன் என்று இருந்தது. இந்த ஊர் மதியமா, அவர்கள் ஊர் மதியமா என்று எழுதவில்லை. இந்த ஊர் மதியத்துக்குள்ளேயே சுமலதா பதில் போட்டாள். இரண்டு பேர் வருகிறார்கள், தாமதத்துக்குக் காரணம் இந்த ஆபீசில் நான் செய்த தவறு என்று எழுதினாள். நெட் சரியில்லை என்று போடச் சொன்னார் மதிவாணன். அதற்குள் அனுப்பியாகிவிட்டது.

சரி என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

மதிவாணன் அந்தப் பழைய போனை எடுத்துக் கலைமகளிடம் கொடுத்தார். "இத நீ வெச்சுக்க. அக்கா நம்பர் கேட்டா படிச்சுச் சொல்லு, மணியத் தொட விடாத." பிறகு சுமலதாவிடம், "மெயில நீயே பாரு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள் சுமலதா. இன்னும் ஒரு ஆள் பாக்கி இருந்தது. இரண்டு பேர் என்று எழுதிவிட்டாளே தவிர, அன்று டூட்டி இல்லாமல் கையில் இருந்தது வீராயி மட்டும். லீவில் இருந்த டூட்டிப் பெண் கொளஞ்சிக்கு போன் போட்டு, சாப்பிட்டுவிட்டுக் கருவடிக்குப்பம் பஸ் பிடி, இடதுபக்கம் புரட்டாதே என்று சொல்ல ஆரம்பித்தாள்.