ஆள் வந்தால் நிற்கும் ஃபர்னஸ்

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மொத்தமாகச் செத்துப்போயிருந்தால் எங்களைப் போன்ற சர்வீஸ்காரர்களுக்குச் சந்தோஷம்தான். எது போயிற்று என்று சீக்கிரம் தெரிந்துவிடும். விட்டுவிட்டு நிற்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். நாம் போனால் சமர்த்தாக ஓடும். நம் வேன் தெருமுனை திரும்பியதும் நின்றுவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஒரு டவுன்ஹவுஸில் அப்படி ஒன்று மாட்டியது. கணவன் ராம்குமாருக்கு கம்ப்யூட்டர் வேலை. மனைவி வித்யாவுக்குக் குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு வரவேண்டிய அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. வார நாளெல்லாம் குழந்தையும் அவளும்தான். சனி, ஞாயிறில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் டப்பா டப்பாவாகப் பூண்டுக் குழம்பும் ரசமும் கொண்டுவந்து, குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவள் தலை வாரிக்கொள்வதே அப்போதுதான்.

முதல் தடவை போய், தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃப்ளேம் சென்ஸரைத் துடைத்து, காற்று ஃபில்டரை மாற்றினேன். அடுத்த தடவை, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டையே மாற்றினேன். இரண்டும் வார நாள். இரண்டு தடவையும் வீடு கதகதவென்றுதான் இருந்தது.

"ஆளுங்க வந்தாதாண்ணா நிக்குது. சும்மா சும்மா கதவைத் திறந்து மூடினா ஹீட் எப்படி நிக்கும்? பச்சக் குழந்தை இருக்கு. குளிர் போற வரைக்கும் யாரும் வர வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றான் அன்று லீவு போட்டிருந்த ராம்குமார்.

"உங்களுக்கென்ன, நீங்க ஆஃபீஸ் போயிடுவீங்க" என்றாள் வித்யா.

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். கம்பெனி முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். போன் செய்தார்.

"தம்பி, அந்த வீட்டுக்காரர் திரும்பவும் போன் பண்ணினவர். ஒருக்காப் போய்ப் பாரும்."

"நாளைக்குப் போறேனே சார்."

"இப்ப நிண்டு போச்சாம். இப்பவே போனால்தானே தெரியும்?"

வாய்க்குள் திட்டிக்கொண்டே கிளம்பினேன். முதுகுவலி வேறு. போனால், வீடு நிறைய ஆட்கள். வாசல் நடையில் என் பூட்ஸைக் கழற்றி வைக்க இடமில்லை. அவ்வளவு செருப்பு, ஸ்னோ பூட்ஸ். ஷூ ராக்கின் மேல் குளிர் ஜாக்கெட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. பனியில் வந்த ஜாக்கெட்டோடு குழந்தையைத் தூக்கக்கூடாது, வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது வித்யாவின் கண்டிப்பு.

கீழே பேஸ்மென்டில், ஃபர்னஸுக்குள் தீ எரிய வேண்டிய பர்னர் அணைந்திருந்தது. ப்ளோயர் விசிறி மட்டும் சூடில்லாத காற்றை ஊதிக்கொண்டிருந்தது. ஃபர்னஸ் அளவுக்கு மேல் சூடானால் லிமிட் ஸ்விட்ச் பர்னரை நிறுத்திவிடும். ஆறியதும் தானே மறுபடி எரிய விட்டுவிடும். வீட்டுக்குள்ளிருந்து போதுமான காற்று ஃபர்னஸுக்குள் போகாவிட்டால் அப்படி ஆகும். ஃபில்டரோ புதிது. பிறகு காற்றை எது தடுக்கிறது?

மேலே வந்து வாசல் நடையில் நின்றேன். ஒரு ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். சுவர்ப்பக்கமிருந்து யாரோ எதிர்த்து இழுப்பது போல இருந்தது. எல்லாவற்றையும் அள்ளித் தரையில் போட்டுவிட்டு ராக்கை நகர்த்தினேன். அதன் பின்னால் சுவரில்தான் ரிட்டர்ன் கிரில் என்கிற கம்பி வலை. வீட்டுக் காற்று முழுவதும் ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகிற ஒரே வழி. வார நாளில் ராக்கில் இரண்டு ஜோடி ஷூதான். இடுக்கு வழியாகக் காற்று போய்விடும். ஆட்கள் வந்தால் அடைத்துக்கொள்ளும்.

கொஞ்ச நேரத்தில் பர்னர் பிடித்துக்கொண்டது. ராம்குமார் ராக்கை எதிர்ச் சுவருக்குத் தூக்கிக்கொண்டு போனான். வித்யா அவனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

"அப்போ அடுத்த வாரமும் எல்லாரும் வரலாமாண்ணா?"

"தாராளமா வரட்டும்மா. ஜாக்கெட்டை மட்டும் வேற எங்கேயாவது போடச் சொல்லு."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். உள்ளேயிருந்து யாரோ, "என்னாச்சு, ஹீட் வராதாமா?" என்று கேட்டார்கள். நான் டூல் பாக்ஸைக் குனிந்து மூடினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நிற்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும். நான் மறுநாள் போயிருந்தால் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அப்புறம் ராம்குமார் வேண்டாம் என்று சொல்லி, அந்த வீட்டுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள், அதனால் ஃபர்னஸும் நின்றிருக்காது. சரியாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம். அந்தப் பெண் சூடான வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.