மொட்டையடிக்காத லைலாக்

கிளாஃபிரா இருந்தவரை, மே மாதம் தோட்டத்து லைலாக் செடி ஊதாவாகப் பூத்ததும் கொத்துக்கொத்தாக ஒடித்துத் தெருவுக்கே கொடுத்துவிடுவாள். "செடியை மொட்டையடிக்கிறியேடி!" என்று புருஷன் யெஃபீம் கத்துவார். அவள் காதிலேயே வாங்கமாட்டாள்.

அவள் போன பிறகு அவர் ஒருவரையும் ஒரு கொத்துகூடத் தொடவிடவில்லை. அக்டோபரில் தோட்டக் கத்தரியை எடுத்து, நுனிகளை எல்லாம் தாமே ஒரே மட்டமாக வெட்டினார். அடுத்த மே மாதம் தெரு முழுக்க ஊதா பூத்தது. அவர் செடியில் மட்டும் வெறும் இலை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு ஸினாயிதா சிரித்தாள்.

"என்ன யெஃபீம் லூகிச், முட்டைக்கோஸா வளக்குறீங்க?"

"ஏதோ சீக்கு வந்திருக்கு."

"சீக்கெல்லாம் உங்க கத்தரிதான். முந்தின கோடையிலயே நுனியில மொட்டு கட்டிடும். அதைத்தானே வெட்டி எறிஞ்சீங்க! பூத்த கையோட ஒடிக்கணும், கிளாஃபிரா ஒடிச்ச மாதிரி."

தன் செடியிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து நீட்டினாள்.

சமையலறை மேஜையில் தனியாக உட்கார்ந்து அவர் அந்தக் கொத்தைத் துழாவினார். லைலாக்குக்கு நாலு இதழ். ஐந்து இதழ்ப் பூ கிடைத்தால், மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு தின்றுவிட வேண்டும்; அது பலிக்கும் என்பார்கள். கிளாஃபிரா வருடம் தவறாமல் ஒன்றைத் தேடித் தின்பாள். "பைத்தியக்காரத்தனம்" என்பார் அவர்.

ஒன்று கிடைத்தது. வாயில் போட்டு மென்றார். ஒரே கசப்பு.

இந்தக் கசப்பைத்தான் வருடாவருடம் சிரித்துக்கொண்டே தின்றிருக்கிறாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.