சமையல்காரர் பக்கம்

ஆவணி மாதத்தின் கடைசி முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில் என் தங்கை மகள் கல்யாணம். அழைக்காதவர்கள் பந்தியில் உட்காராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பந்தியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவர் மேல் உடனே சந்தேகம் வந்தது. கசங்காத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். யாரோடும் பேசவில்லை. சோற்றையும் பொரியலையும் ஒதுக்கி, இலையின் வலது மூலையைக் காலியாகவே வைத்திருந்தார். பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, நீங்க மாப்பிள்ளை ஊடுங்களா, பொண்ணு ஊடுங்களா?"

"சமையக்காரர் பக்கமுங்க. ஓட்டல்ல எல்லாம் பாயசத்துல மாவக் கரைச்சு ஊத்தறாங்க. அரிசிப் பாயசம்னா இவரு கைதானுங்க. இவரு எங்க சமைச்சாலும் நான் வாரேனுங்க."

"அப்ப கூப்பிடாம வந்திருக்கீங்க."

"ஆமாங்க. பாயசம் வந்துரட்டும், நானே எந்திரிச்சுக்கறேன். இலைல உக்காந்த ஆளை எழுப்புனா பொண்ணுக்கு ஆகாதுங்க."

அவரை எழுப்ப நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பாயசம் வந்தது. எனக்கும் ஊற்றினார்கள். பாலிலேயே வெந்த அரிசி, சுண்டிய பாலின் லேசான சிவப்பு. இந்த நகரத்தில் நான் பல வருடங்களாகத் தேடிய ருசி. நிமிர்ந்தபோது அவர் இலையை மடித்துவிட்டுப் போயிருந்தார்.

ஐப்பசியில் இன்னொரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தி முழுக்கத் தேடியும் அவரைக் காணவில்லை. இந்த முறை சந்தேகம் பாயசத்தின் மேல் வந்தது. வேண்டாம் என்று சொல்லி இலையை மடித்தேன்.