மஞ்சள் கரைந்த தண்ணீர்

எங்கள் தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள், டிக்கெட் கிழித்து உள்ளே வந்ததும் முதலில் பார்ப்பது என் மூஞ்சியைத்தான். ‘தகவல் மையம்’ என்று எழுதிய பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். பெயர் ஜூடி, ஊர் ராயபுரம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று வழி சொல்வது என் வேலை.

உங்களுக்கும் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெயில் ஏறுவதற்குள் குட்டி ரயிலையும் குதிரை ராட்டினத்தையும் முடித்துவிடுங்கள், அப்புறம் சீட்டு சுடும். சாப்பிட்ட கையோடு ரோலர் கோஸ்டரில் ஏறாதீர்கள், பின்னால் இருப்பவன் உங்கள் வம்சத்தையே திட்டுவான். சாப்பாட்டுக்குப் பிறகு பேய் வீடு நல்லது, உள்ளே ஏசி உண்டு, பேய்களும் அந்நேரம் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு லேசி ரிவர், டியூபில் உட்கார்ந்தால் தண்ணீரே தள்ளிக்கொண்டு போகும். மெஷின் வைத்து அலை கிளப்பும் வேவ் பூலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் உடை வாடகைக்குக் கிடைக்கும்.

இதையெல்லாம் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். வேவ் பூலில் ராமதாஸுக்கு நடந்ததை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு அது எதற்கு? ஆனால் இனியும் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

ராமதாஸ் வேவ் பூலில் லைஃப்கார்டு. எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்துக்காரன். தினமும் அங்கிருந்து மின்சார ரயிலில் வருவான், ராயபுரத்தில் நான் ஏறிக்கொள்வேன். பீச் ஸ்டேஷன் வாசலில் கம்பெனி பஸ் நிற்கும். அங்கிருந்து மாமல்லபுரம் ரோட்டில் இருக்கும் பார்க்குக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மனிதனின் மொத்தக் கதையையும் கேட்டுவிடலாம். நானும் கேட்டிருக்கிறேன்.

மீசை முளைப்பதற்கு முன்பே அப்பாவின் படகில் ஏறியவன் அவன். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் வலை போட்டு, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே கல்யாணமும் செய்துகொண்டான். அப்புறம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து வந்து ஆறு மேடு தட்டிப்போனது. ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. படகு, வலை, கரையோர மரம், அதில் உட்கார்ந்திருந்த கொக்கு எல்லாம் கறுத்துப்போயின. குப்பத்து ஆண்களும் பெண்களும் வெறுங்கையால் வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு அவன் மீனைக் கொண்டுபோனால் வாங்குகிறவர்கள் எடுத்து மோந்து பார்ப்பார்களாம். “எண்ணூர் மீனா? வேணா நைனா, எடுத்துனு போ” என்று கூடையோடு தள்ளிவிடுவார்களாம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பார்க்கில் நீச்சல் தெரிந்த ஆள் கேட்டார்கள். கடலில் நீந்தியவனைக் கொண்டுவந்து இடுப்பளவுத் தண்ணீரோரம் உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிவப்பு பனியன், கழுத்தில் விசில். எல்லா ஆண்களும் சார், எல்லாப் பெண்களும் மேடம். “கீது” என்று சொல்லக் கூடாது, “இருக்கு” என்று சொல்ல வேண்டும். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குரல் கொடுத்தவன் மெல்லப் பேசக் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தோல் நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்று பூல் வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். இறங்குகிறவர்களின் கை கால்களை லைஃப்கார்டு ஒரு பார்வை பார்க்க வேண்டும். புண் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ராமதாஸ் அதைப் பக்குவமாகச் செய்வான். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல், “ஆறுன அப்புறம் வாங்க சார், தண்ணி எங்க போயிடப் போவுது” என்பான். வந்தவரும் முகம் சுளிக்காமல் போய்விடுவார்.

அப்படித் திருப்பி அனுப்ப வேண்டிய கால்கள் அவன் வீட்டிலேயே இருந்தன. படகு கரையேறியதும் அவன் மனைவி புஷ்பவல்லி ஆற்றில் இறங்கிவிட்டாள். சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள். அந்தத் தண்ணீரில் தினமும் ஊறி, முட்டிக்குக் கீழே தோல் தடித்து, வெடித்து, நீர் வடிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்கள்: “இது ஒட்டிக்கிற வியாதி இல்லம்மா. அந்தத் தண்ணில எறங்காம இருந்தா தானா போயிடும்.” இறங்காமல் இருந்தால் அடுப்பு எரியுமா என்பதற்கு டாக்டரம்மாவிடம் மாத்திரை இல்லை.

தன் கால் போனாலும் போகட்டும், மகள் அம்முவின் கால் விரல்கூட அந்தத் தண்ணீரில் படக் கூடாது என்பதில் புஷ்பவல்லி ராட்சசி. அம்மு நாலாம் வகுப்பு. மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்று குப்பமே கிண்டல் செய்தது. அவளோ அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “நீ அக்கரைக்கு நீஞ்சிப் போவியாமே, ஆயா சொல்லிச்சி. நான் பாத்ததே இல்லியே.”

“நைனா வேல செய்ற எடத்துல தண்ணி கண்ணாடி மாரி கீதாம். அங்க இட்டுனு போயி கத்துக்குடுக்கறேன்” என்று புஷ்பவல்லி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வருஷத்துக்கு ஒரு நாள் எங்களுக்கு ஊழியர் குடும்ப தினம். வீட்டு ஆட்கள் காசில்லாமல் உள்ளே வரலாம். நாங்கள் மட்டும் அன்றும் வேலை பார்க்க வேண்டும், எங்கள் கம்பெனியின் பெரிய மனசு அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்காகப் புஷ்பவல்லி ஒரு மாதம் ஆற்றில் இறங்கவில்லை. ராமதாஸ் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து, அவள் கால்களில் தன் கையாலேயே பூசிவிடுவான். பஸ்ஸில் என்னிடம் அதை வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வான்.

“காஞ்சினு வர்து யக்கா. இப்பல்லாம் சொறியறதே இல்ல.”

“நெஜமாவா?”

“மாதா மேல சத்தியமா யக்கா.” அவனுக்கு மாதா யார், மேரி யார் என்றெல்லாம் கவலையில்லை. நான் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொன்னான்.

குடும்ப தினத்தன்று அம்மாவும் மகளும் வந்தார்கள். காலையில் கிளம்பும்போதும் புஷ்பவல்லி ஒரு பூச்சு பூசிக்கொண்டு வந்திருந்தாள், நல்ல நாளும் அதுவுமாகக் கால் நன்றாக இருக்கட்டும் என்று. குட்டி ரயில், ராட்டினம் எதிலும் அம்முவுக்கு மனசு ஒட்டவில்லை. “தண்ணி எங்க ஆன்ட்டி?” என்று என்னைத் துளைத்தெடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் நானே அழைத்துக்கொண்டு போனேன். கணுக்கால் வரை மூடுகிற நைலான் பேண்ட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

பூல் வாசலில் ராமதாஸ் நின்றிருந்தான். எல்லோருடைய கால்களையும் பார்த்தவன், புஷ்பவல்லி வந்தபோது அவள் முகத்தை மட்டும் பார்த்தான். அவளும் பார்த்தாள். இருவரும் சிரிக்கவில்லை, ஆனால் கல்யாணப் புதிதில் இருப்பவர்கள் மாதிரி இருந்தது எனக்கு. உள்ளே விட்டான்.

தண்ணீரில் இறங்கியதும் அவள் வேறு பெண் ஆகிவிட்டாள். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். “ஏ அம்மு, தரை தெரிதுடீ!” என்று கூவினாள். அலை கிளம்பும் சங்கு ஊதியதும் சுற்றியிருந்தவர்கள் கீச்சிட்டார்கள், அவள் மட்டும் தோளைச் சாய்த்து அலைக்குள் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தாள். அம்மு கைதட்டினாள். அப்புறம் புஷ்பவல்லி மகளைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, “கால உதறு, கால உதறு” என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மஞ்சள் கரைந்தது. அவள் பேண்ட்டுக்குள்ளிருந்து கசிந்து, இரண்டு பேரையும் சுற்றி மஞ்சளாகப் பரவியது. ஆற்றுத் தண்ணீரில் ஒரு மூட்டை மஞ்சளைக் கொட்டினாலும் யாருக்கும் தெரியாது. பாவி, புஷ்பவல்லிக்குத் தெளிந்த தண்ணீர் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று எங்கே தெரியும்?

பக்கத்தில் இருந்த ஒரு பெண், சதையும் வளையலுமாக, தன் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கத்தினாள். “சீ! இந்தப் பொண்ணு தண்ணிக்குள்ளயே யூரின் போயிட்டா! லைஃப்கார்டு! ஹலோ, லைஃப்கார்டு!”

அம்மு எழுந்து நின்றாள். முகம் செத்துவிட்டது. “நான் போல… நான் போலம்மா” என்றாள்.

“பாக்குறோமே, பொய் வேற சொல்றியா?” என்றார் இன்னொரு ஆள். எல்லோரும் விலகி வட்டமாக நின்று குழந்தையைப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து இறங்கி வந்த ராமதாஸுக்கு அது என்ன மஞ்சள் என்று தெரியும். மஞ்சள் என்று சொன்னால் எதற்கு மஞ்சள் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் பழி மகள் தலையில் நிற்கும்.

அவன் யோசித்து முடிக்கும்வரை புஷ்பவல்லி காத்திருக்கவில்லை. தரை தெரிகிற ஓரத்துக்கு வந்து, பேண்ட்டை முட்டிவரை சுருட்டினாள். “எம் பொண்ண ஒண்ணியும் சொல்லாத. அவ ஒண்ணுக்குப் போல. மஞ்சா. என் கால்ல பூசன மஞ்சா. பாத்துக்கோ, எல்லாரும் நல்லா பாத்துக்கோ!”

பார்த்தார்கள். ஆறிக்கொண்டிருந்த புண்கள்தான், ஆனால் புண்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆளாளுக்குக் கரையேறினார்கள். “இவங்களையெல்லாம் யாரு உள்ள விட்டது?” என்று வளையல்காரி கேட்டாள். எல்லோரும் ராமதாஸைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

ராமதாஸ் விசிலை ஊதினான்.

“மேடம்” என்றான். “வெளிய வாங்க மேடம்.”

அந்த மேடம் என் காதில் இன்னும் இருக்கிறது. அவள் அம்முவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். சூப்பர்வைசர் அவள் கையில் கட்டியிருந்த ஊழியர் குடும்பப் பட்டையைப் பார்த்துவிட்டு, யார் என்று விசாரித்துவிட்டு, அவள் எதிரிலேயே அவனைக் கேட்டார்: “ஒன் ஒய்ஃபுக்கு இப்படி இருக்கறது ஒனக்குத் தெரியாதா?”

“தெரியாது சார்.”

தினமும் அந்தக் கால்களில் மருந்து பூசியவன் சொன்னான். இயேசுவை யாரென்றே தெரியாது என்று மூன்று முறை சொன்ன பேதுருவின் கதையை எங்கள் கோயிலில் எத்தனையோ முறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அவருக்காவது உயிர் பயம் என்று நினைத்துக்கொள்வேன். இவனுக்கு வேலை பயம், அது உயிர் பயத்தைவிடக் கேவலமானதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை தப்பியது. அலையை நிறுத்தி மருந்துப் பொடி கொட்டினார்கள். சாயங்காலம் அதே தண்ணீரில் மறுபடி ஆட்டம் போட்டார்கள். அதற்குமேல் ஒட்டாத வியாதி ஒட்டாதாம்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் ராமதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்தான். ஒரு நாள் அவனாகவே சொன்னான். “வூட்ல அது கத்தியிருந்தா தேவல யக்கா. ‘நீ ஒன் வேலையப் பாத்த, வுடு’ன்னிச்சி. சோறு போட்டுச்சி. மருந்து பூசப் போனா கால இஸ்துக்குது.”

காலாண்டு லீவில், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்தது. மனசு கேட்காமல் எண்ணூருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள்.

எதிரே புகைபோக்கிகள் நின்றன. தண்ணீர் எந்த நிறம் என்று சொல்லத் தெரியவில்லை, மேலே ஒரு படலம் மினுங்கியது. புஷ்பவல்லி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். அவள் கைகளின் மேல் அம்மு குப்புறக் கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தாள். ராமதாஸ் கரையில் குந்தியிருந்தான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “அறிவு கீதா ஒனக்கு? இவ்ளோ நாளு காப்பாத்திட்டு, புள்ளைய இத்துல எறக்குவியா?”

புஷ்பவல்லி கோபப்படவில்லை. “நான் எறக்கல யக்கா. நான் எறால் பிடிக்க வந்தேன், அதுவா எறங்கி வந்துச்சி. அங்க எங்கூட எறங்கக் கூடாதுன்ட்டாங்க, இங்க யாரு கேக்கப் போறான்னுது. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

“நீ சொல்லேம்பா!” என்று ராமதாஸிடம் திரும்பினேன்.

அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “கூப்ட்டேன் யக்கா. ‘மேடம்னு கூப்புடு, வர்றேன்’னுது.”

அம்மு அதற்குள் தானாகவே நாலு கை போட்டுவிட்டாள். “அம்மா, வுட்டுட்டியா? நானே வர்றேனா? ஆன்ட்டி, பாத்தீங்களா!” என்று கத்தினாள். புஷ்பவல்லி சிரித்தாள். நல்ல நீச்சல்தான், அம்மாவின் தோள் அப்படியே வந்திருந்தது. கரையேறி ஓடிவந்து எங்கள் முன்னால் மூச்சு வாங்க நின்றாள். உடம்பிலிருந்து வழிந்த தண்ணீர் மண்ணில் கறுப்பாகச் சொட்டியது. பேசிக்கொண்டே குனிந்து, கெண்டைக்காலைச் சொறிந்தாள். ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி சொறிந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.