மெதுவாக ஓடாத கேசட்

எண்பதுகளின் கடைசியில் பென்னாகரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எடிட்டிங் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேனே தவிர, என்னிடம் இருந்தது இரண்டு டெக்கும் ஒரு டிவியும்தான். ஒன்றில் ஓட்டி இன்னொன்றில் பதிய வேண்டும். வேண்டாத காட்சி கால் நொடி ஒட்டிக்கொண்டு வந்தாலும் திரும்பவும் முதலிலிருந்து. இந்த லட்சணத்தில் வருகிறவர்களெல்லாம் கேட்டது ஸ்லோ மோஷன். தாலி கட்டுவது மெதுவாக, அட்சதை விழுவது மெதுவாக. சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள். என் டெக்கில் அந்த வசதியே கிடையாது. படத்தை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அழுத்தி அழுத்தி விட்டால் படம் விக்கலெடுக்கும், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். அந்தப் பெட்டியைத் திட்டாத நாளில்லை.

ஒருநாள் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மூன்று மாதத்துக்கு முன் அவள் கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். அவளுடைய அப்பா போன மாதம் திடீரென்று இறந்துவிட்டார். கேசட்டில் அவர் அட்சதை போடுவது இரண்டே நொடி, பார்ப்பதற்குள் போய்விடுகிறது.

"அத மட்டும் மெதுவா ஓடற மாதிரி செஞ்சு குடுங்கண்ணா," என்றாள்.

மத்தியானம் முழுக்கப் போராடினேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் கோடு கோடாகக் கிழிந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் நான் வெட்டித் தள்ளிய ஒரு பகுதி ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு வீடியோவும் போட்டோதான். கேமராவைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்பார்கள். "சும்மா அசைங்க" என்று நான் கத்த வேண்டும். அவள் கல்யாணத்தன்று பந்தலுக்கு முன்னால் அவளுடைய அப்பாவைத் தனியாக நிறுத்தியபோது லைட் ஒயரை யாரோ மிதித்துவிட, கேமராவை ஸ்டாண்டிலேயே ஓடவிட்டு அதைப் பார்க்கப் போய்விட்டேன். அசையச் சொல்ல மறந்துவிட்டது.

கேமராவில் எடுத்த கேசட்டின் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிவது என் வழக்கம். அவள் கல்யாணத்தை எடுத்த கேசட்டைத் தேடிப் போட்டேன். யாரோ ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் பாதிக் கேசட்டைத் தின்றிருந்தது. அது முடிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார். தோளில் கிடந்த துண்டை இறுக்கிப் பிடித்தபடி, கண்கூட இமைக்காமல். காற்றில் வேட்டி ஓரம் மட்டும் ஆடியது. எந்த மெஷினாலும் இவ்வளவு மெதுவான காட்சியைத் தந்திருக்க முடியாது. வீடியோ என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் போனதற்காக அவரை மனதாரக் கும்பிட்டேன். அசையச் சொல்ல மறந்து தொலைத்த என்னையும் அன்றுதான் மன்னித்தேன்.

கடைசியில், உதடு அதிகம் அசைந்துவிடாமல், அவர் கேட்டார். "ஆச்சுங்களா?"

அந்தப் பெண் டிவியைப் பார்த்தே பதில் சொன்னாள். "இன்னும் ஆவலப்பா. நில்லுங்க."