அம்மா வேட்பாளரானபோது

இன்று குற்றாலம் ரோட்டில் தேர்தல் ஜீப்பின் ஒலிபெருக்கி அலறியதும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதில், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். பள்ளியில் தமிழ் வகுப்பை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதைத் தடுக்க அம்மா பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றாள்.

ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் ஜீப் நின்றது. "பாண்டிக்காரர் மலையிறங்கணும்!" என்று தமிழர்களான எங்களைச் சொல்லி ஒலிபெருக்கி கத்தியது. ரப்பர் பால் நாறும் அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, வெளிய போவாத. கல்லெறிவானுவ," என்றார் அப்பா.

"நான் உள்ள இருந்தா எவளும் ஓட்டுப்போட வரமாட்டா," என்று அம்மா கதவைத் திறந்தாள். ஜீப் போகும்வரை வாசலிலேயே நின்றாள். திரும்பி வந்தவளால் தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, அப்பாதான் புகட்டினார்.

அம்மா ஜெயித்தாள். தமிழ் வகுப்பு தொடர்ந்தது.

நான் மட்டும் இன்றும், குற்றாலம் ரோட்டு ஜீப் தெருமுனையைத் தாண்டியபிறகுதான் கதவைத் திறந்தேன்.